ஏழாம் நம்பர் மட்டும் சிவப்பு

நான் ஓய்வு பெற்ற பிறகு மில்லில் என் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படித்தவள். போன மாதம் எனக்குப் போன் செய்து, பராமரிப்புப் பட்டியலில் இருபத்து மூன்றாவது வரி புரியவில்லை என்றாள். "ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை எல்லாக் கண்களையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்" என்பது அந்த வரி. சென்சார் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இப்படி ஒன்று இல்லையே, எடுத்துவிடலாமா அண்ணாச்சி என்று கேட்டாள். எடுக்காதே, காரணத்தை எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் காரணம் எவ்வளவு நீளம் என்று தெரிகிறது.

எனக்கு ஊர் தேவதானம். எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன். மூன்றாவது வருடம் லாரியில் கிளீனராக ஏறிவிட்டேன். பிறகு புனலூரில் மர மில், மும்பையில் ஓட்டல், சூரத்தில் தறிக்கூடம், திருப்பூரில் சாயப்பட்டறை. சூரத்தில் தறிக்கு அடியிலேயே படுத்துத் தூங்கினோம். மும்பையில் மஞ்சள் காமாலை வந்தது, போனது. திருப்பூரில் கால் நகம் இரண்டு போனது, திரும்ப வரவில்லை. எந்த இடத்திலும் மூன்று வருடம் தாண்டியதில்லை. நாற்பத்திரண்டு வயதில் ராஜபாளையத்துக்கு வந்து ஒரு நூற்பு மில்லில் எலக்ட்ரீசியனுக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். அங்கேயும் மூன்று வருடம்தான் என்று நினைத்தேன். ஓய்வு பெறும் வரை இருந்துவிட்டேன். அதற்குக் காரணம் எங்கள் ரெங்கசாமி மாஸ்டர்.

மாஸ்டர் என்றால் நூற்புப் பகுதி முழுவதற்கும் பொறுப்பானவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது தப்பு செய்துவிட்டு வந்து நின்றால் உடனே திட்ட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணுவார். மூன்றோடு நின்றால் சின்னத் தப்பு. ஐந்துக்குப் போனால் அன்றைக்கு டீ குடிக்கப் போக முடியாது. எட்டுக்கு மேல் யாரும் கேட்டதில்லை. எண்ணி முடித்துக் கண்ணைத் திறக்கும்போது கோபம் போயிருக்கும், தீர்ப்பு மட்டும் இருக்கும். இத்தனை ஊரில் இத்தனை பேரிடம் அடி வாங்கிய எனக்கு, எண்ணிவிட்டுப் பேசுகிற ஒரு மேலதிகாரியை விட்டுப் போக மனம் வரவில்லை.

எங்களிடம் பன்னிரண்டு நூற்பு மெஷின்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேல் கதிர்கள் சுற்றும். ஓடும்போது நூல் அங்கங்கே அறும். அறுந்ததைப் பார்த்து ஒட்டுவது சைடரின் வேலை, பெரும்பாலும் பெண்கள். எத்தனை அறுந்தது என்று முன்பெல்லாம் ஷிஃப்டுக்கு ஒரு முறை ஒருவர் நடந்து எண்ணிப் பலகையில் எழுதுவார். அது ஆபீசுக்கு மறுநாள் போகும். போவதற்குள் எண்ணிக்கை கொஞ்சம் மெலிந்திருக்கும். யாருக்கும் அதில் வருத்தம் இல்லை.

பிறகு முதலாளி சென்சார் வாங்கினார். மெஷினின் ஒவ்வொரு பக்கமும் ஒரு தண்டவாளம், அதன்மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கண். அது ஓயாமல் இங்கும் அங்கும் ஓடும். ஒவ்வொரு கதிருக்கு நேராக வரும்போதும் ஒரு ஒளியை விடும். ஒளி நூலில் பட்டுத் திரும்பி வந்தால் நூல் இருக்கிறது. திரும்பாவிட்டால் அறுந்திருக்கிறது. அந்தச் செய்தி அந்த நொடியே கம்பி வழியாக ஒரு பெட்டிக்கும், பெட்டியிலிருந்து சர்வருக்கும், அங்கிருந்து சுவரில் இருக்கும் பெரிய திரைக்கும், முதலாளியின் போனுக்கும், எங்கள் நூலை வாங்குகிற வெளியூர்க்காரர்களின் கம்ப்யூட்டருக்கும் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்தம் கிடையாது. மில்லின் சராசரியைவிடக் குறைவாக அறும் மெஷின் பச்சை, சராசரியை ஒட்டி இருப்பது மஞ்சள், அதிகம் அறுந்தால் சிவப்பு. நிறத்துக்குப் பக்கத்தில் பகல் ஷிஃப்ட் சைடரின் பெயர்.

கண்களைத் துடைத்து, கம்பியைப் பார்த்து, நின்றுபோனால் தட்டி ஓட்டிவிடுகிற வேலை எனக்கு வந்தது. படித்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

முதலாளியின் வாழ்க்கை அன்றிலிருந்து மாறியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் இழுக்கப் போனவர், ஒரு கையில் வடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், எட்டாம் நம்பர்ல நூலு அறுந்து நாப்பது செகண்டு ஆச்சு. யாரும் ஒட்டலையே."

"ஒட்டியாச்சு மொதலாளி. நீங்க தேரைப் பாருங்க."

"தேரு நிக்கி. எட்டாம் நம்பரும் நிக்கி."

தேர் இழுக்க நின்ற கூட்டம் அவர்மேல் போட்ட சத்தம் எங்களுக்கே போனில் கேட்டது.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் மில்லில் எழுதப்படாத சட்டங்கள் சில உண்டு. யார் ஓட்டுகிற மெஷினோ அவர்தான் அதற்குச் சந்தனம் வைக்க வேண்டும்; இன்னொருவர் கை வைக்கக் கூடாது. வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது. அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். ஒரு வருடம் யாரோ துடைத்தார்கள், அந்த வாரமே பஞ்சு அறையில் தீப்பிடித்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். புதிதாக வந்த சாமான் எதுவானாலும் முதல் வருடம் தனிப் பொட்டு உண்டு. அதற்கு முந்திய வருடம் வந்த தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கும் வைத்தோம்.

ஆகவே கண்களுக்கும் வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. மாஸ்டர், நான், சைடர்கள் எல்லோரும் ஒரு கண்ணைச் சுற்றி நின்று யோசித்தோம். மேல்பக்கம் முழுக்க ஒரு ஸ்டிக்கர். அது சேதமானால் வாரண்டி கிடையாது என்று சென்சார் கம்பெனி எஞ்சினியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பின்னால் கம்பி. அடியில் வைத்தால் அது பொட்டு ஆகாது. மிச்சம் இருந்தது முன்பக்கக் கண்ணாடி.

"அப்ப கண்ணாடிலயே வைங்க. மூஞ்சி அதானே" என்றார் மாஸ்டர்.

கண்களுக்குச் சொந்தக்காரன் நான். அதனால் என் கையாலேயே வைத்தேன். ஒரு மெஷினுக்கு இரண்டு வீதம், நல்ல கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம்.

ஏழாம் நம்பரில் மட்டும் வைக்கவில்லை. அது எஸ்தர் ஓட்டுகிற மெஷின். தளவாய்புரத்திலிருந்து மில் பஸ்ஸில் வருகிறவள். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஒவ்வொரு வருடமும் அவள் ஏழாம் நம்பரைப் பளிச்சென்று துடைத்துவைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொள்வாள். அவளும் வைக்கமாட்டாள், நாங்களும் வைக்கச் சொல்லமாட்டோம். இதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

மறுநாள் மெஷின்கள் ஓடத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் திரை பச்சையாகிவிட்டது. பதினொரு மெஷினில் ஒரு நூல்கூட அறவில்லை. ஏழாம் நம்பர் மட்டும் சிவப்பு.

நூற்பு மில்லில் நூல் அறாமல் இருப்பது, கடலில் அலை அடிக்காமல் இருப்பது போல. ஆனால் திரையில் தெரிந்ததை யாரும் சந்தேகப்படவில்லை. முதலாளி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வரவழைத்து மில் முழுக்கக் கொடுத்தார். நூல் வாங்குகிறவர்கள் பாராட்டினார்கள். கம்பெனி எஞ்சினியரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "சிஸ்டம் உங்க மில்ல நல்லா கத்துக்கிடுச்சு சார், இனிமே இப்படித்தான்" என்றார். நானும் பால்கோவா வாங்கித் தின்றேன்.

எஸ்தரின் பெயர் சிவப்பில் நின்றது. மற்ற இரண்டு ஷிஃப்டிலும் ஏழாம் நம்பர் சிவப்புதான். ஆனால் முதலாளி போனைப் பார்ப்பது பகலில். சிவப்பு அவளுக்கு வெறும் நிறம் அல்ல. ஆறு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தாள். தீபாவளிக்குச் சுமார் பத்து நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, நிரந்தரப் பட்டியல் ஒட்டப் போகிறார்கள். அந்த வருடம்தான் முதல் முறையாகப் பட்டியலைச் சிஸ்டமே போடப் போகிறது. பச்சையில் இருப்பவர்கள் நிரந்தரம். கடைசியில் இருப்பவர் வேலைக்கு வர வேண்டாம். பூஜைக்கு முன்பு பெரும்பாலும் பச்சையில் இருந்தவள் அவள்.

"நல்லா வேலை பாத்த பிள்ளை. பூஜைல இருந்து கெட்டுப்போச்சே" என்றார் முதலாளி.

சைடர்கள் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். "பொட்டு வைக்காத மெஷினுல்லா. அதான் காட்டுது" என்று ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னது முழுக்க முழுக்கச் சரி என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

எஸ்தர் தண்ணீர் குடிக்கவும் போகாமல் நின்றாள். ஒரு நூல் அறுந்தால் ஓடிப்போய் ஒட்டுவாள். அதற்குள் இன்னொன்று அறுந்து திரையில் ஏறிவிடும். பத்தாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, செத்த நேரம் இங்க வாங்க. எனக்கு ஒரு விவரம் சொல்லுங்க. இந்த ஹால்ல பதினோரு மெஷினு பரலோகத்துக்குப் போயிருச்சு. நான் மட்டும் என்னத்துக்கு இங்கன கெடக்கேன்?"

"சென்சாரு சரியாத்தான் இருக்கு எஸ்தர். ஒன் மெஷினுக் கண்ணை நேத்துகூட பாத்தேன்."

"ஏங்கண்ணைப் பாத்தீய சரி. அவுகளதைப் பாத்தீயளா?"

"பச்சையா எரியிறதை எதுக்குப் பாக்கணும்?"

"அம்புட்டுதான். செவப்பா இருக்கவளைத்தான் எல்லாரும் பாக்குதீய. நாளைக்குப் பட்டியலு. நாலாம் நம்பர்ல போயி செத்த நின்னு பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல."

நாலாம் நம்பரில் போய் நின்றேன். நின்ற ஒரு நிமிடத்தில் நான்கு நூல்கள் அறுந்தன. அந்தச் சைடர் சாவகாசமாக வந்து இரண்டை ஒட்டிவிட்டுப் போனாள். பச்சை எரிகிறதே, அவசரம் என்ன. திரையைப் பார்த்தேன். நாலாம் நம்பர், பூஜ்யம். அப்போது கண் ஓடிவந்து எனக்கு நேராகத் திரும்பியது. கண்ணாடி நிறையக் காய்ந்த சந்தனம். அதில் என் கட்டைவிரல் ரேகை அழகாகப் பதிந்திருந்தது. ஒளி வெளியே போகவே இல்லை. சந்தனத்தில் பட்டு உடனே திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தால் நூல் இருக்கிறது. பத்து நாளாக அந்தக் கண் நூலைப் பார்க்கவில்லை, என் சந்தனத்தைப் பார்த்து நூல் நூல் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் வேலை போகும். வேலை போவது எனக்குப் பழக்கம். அதனால் மாஸ்டரிடம் போனேன். வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று ஒரு காரியம் செய்துவிட்டுத்தான் போனேன். நூல் அறுந்தால் வீணாகும் பஞ்சை உறிஞ்சிச் சேர்க்க ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெட்டி உண்டு. எவ்வளவு அறுகிறதோ அவ்வளவு பஞ்சு. பெட்டிக்குக் கண்ணும் இல்லை, நிறமும் இல்லை. அந்த ஷிஃப்டின் பஞ்சைப் பன்னிரண்டு பையில் அள்ளி நம்பர் எழுதி மாஸ்டர் மேஜை முன்னால் வரிசையாக வைத்தேன். ஏழாம் நம்பர் பைதான் எல்லாவற்றிலும் இளைத்திருந்தது.

மாஸ்டர் தராசை எடுத்துவரச் சொன்னார். பன்னிரண்டையும் அவர் கையாலேயே நிறுத்தார். பிறகு வரிசையைக் கலைத்துவிட்டு மறுபடியும் நிறுத்தார். ஏழாம் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எதனால முத்தையா?"

சொன்னேன். கண்ணை மூடினார். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தொடங்கினார். எட்டைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது. பதினான்கில் நின்றது. கண்ணைத் திறந்து, "கண்ணாடில வைக்கச் சொன்னது நான்" என்றார். அந்தப் பதினான்கும் அவர் தன் தப்புக்காக எண்ணியது.

நேராக ஹாலுக்குப் போனோம். நாலாம் நம்பரில் வரிசையாகப் பத்து நூலைத் தன் விரலாலேயே அறுத்தார். திரை பச்சை. ஏழாம் நம்பருக்கு வந்தார். எஸ்தர் பதறி விலகினாள். ஒரே ஒரு நூலை அறுத்தார். எண்ணி இரண்டு நொடியில் திரையில் எண் ஏறியது. அடுத்து மாஸ்டரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"மாஸ்டர், ஏழாம் நம்பர்ல மறுபடியும் அந்தப் பிள்ளை."

"அது நான் அறுத்தது மொதலாளி."

"நீரு எதுக்குவே அறுக்கீரு?"

"மில்லுக்கு வாங்க. சொல்லுதேன்."

முதலாளி வந்து பன்னிரண்டு பைகளையும் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. மறுநாள் காலை நூல் வாங்குகிறவர்கள் நேரில் வருகிறார்கள், அறாத நூலைப் பார்க்க. போனைத் தடவிக்கொண்டே, "ஏழாம் நம்பருக்கும் ஒரு பொட்டு வச்சிருங்க. எல்லாம் பச்சையாயிரும். அந்தப் பிள்ளைக்கும் வேலை நிக்கும்" என்றார்.

எனக்கே அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாஸ்டர் எஸ்தரைப் பார்த்தார். அவள் சொன்னாள்:

"வைங்க மாஸ்டர், ஒங்க மில்லு. ஆனா பன்னெண்டையும் மூடிட்டா நூலு எங்க அறுதுன்னு இந்த டிவிப் பொட்டி எப்பிடிச் சொல்லும்? பொறவு அதுக்கு எதுக்குக் கரண்டு?"

அப்படியானால் துடைத்துத்தான் ஆக வேண்டும் என்றார் மாஸ்டர். யார் துடைப்பது? சைடர்கள் பதினொரு பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். பஞ்சு அறைத் தீயை ஒருத்தி ஞாபகப்படுத்தினாள். முதலாளி சட்டென்று தெளிவடைந்தவர் போல எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத்தான் இதுல தோசம் கெடையாதேம்மா. நீயே தொடச்சிரு."

எஸ்தர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "மொதலாளி, அவுக சாமிக்கு வச்சதை நான் அழிக்கமாட்டேன். எனக்கு வேலை போனாலும் போகட்டும். நாளைக்கு இவளுக மூஞ்சில முழிச்சு ஒரே பஸ்ஸுல வரணும்லா."

சைடர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மெஷின்கள் மட்டும் ஓடின, நூல் அறுந்துகொண்டிருந்தது.

"வச்ச கை என்னது. நானே எடுத்துருதேன்" என்றேன். எனக்கு வர வேண்டிய கெட்டது ஏற்கெனவே நாலு மாநிலத்தில் வந்துவிட்டது.

மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். இந்த முறை எண்ணவில்லை. "அழிக்க வேண்டாம். மாத்துவோம். கோயில்ல பழைய சந்தனத்தைக் களைஞ்சு புதுசு சாத்துதது இல்லையா? அது மாதிரி" என்றார்.

"புதுசை எங்க மாஸ்டர் வைக்க? ஸ்டிக்கர்லயா?"

"கண்ணுக்குத் தனியா எதுக்குடா? மெஷினோட கண்ணுதான அது. மெஷின் நெத்தில வச்சா கண்ணுக்கும் சேத்துத்தான்."

இவ்வளவு எளிய தீர்ப்பு பத்து நாளுக்கு முன்பு ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று தெரியவில்லை. முதலாளிக்கு மட்டும் சந்தேகம். ஸ்டிக்கர் மேல் சந்தனம் பட்டால் வாரண்டி போகுமா என்று கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு வைத்தார். நொடிக்கு நொடி செய்தி அனுப்புகிற அந்தக் கம்பெனியின் பதில் தை மாதம் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் சூடம் காட்டினோம். சைடர்கள் அவரவர் மெஷின் நெற்றியில் புதுச் சந்தனம் வைத்தார்கள். நான் ஈரத் துணியும் டார்ச்சுமாக ஒவ்வொரு கண்ணாகக் களைந்துகொண்டே போனேன். நூல் வாங்குகிறவர்கள் மூன்று பேர் முதலாளியோடு திரைக்கு முன்னால் காபி டம்ளருடன் நின்றிருந்தார்கள். நான் துடைக்கத் துடைக்கத் திரையில் ஒவ்வொரு மெஷினாகச் சிவந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. வந்தவர்களில் ஒருவர், "பூஜை முடிஞ்சா எல்லாம் அறுந்துபோக ஆரம்பிக்குமா?" என்று கேட்டார். முதலாளி காபியைக் குடித்துக்கொண்டே இருந்தார். டம்ளர் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

பதினோராவது மெஷினையும் துடைத்து முடித்தபோது மில்லின் சராசரி அதன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆறு சிவப்பு, ஐந்து மஞ்சள். பச்சையாக எரிந்தது ஒன்றே ஒன்று. எஸ்தர் திரையைப் பார்க்கவில்லை. ஒரு நூல் அறுந்திருந்தது, ஒட்டிக்கொண்டிருந்தாள்.

சிஸ்டம் போட்ட பட்டியலை மாஸ்டர் மடித்து மேஜை டிராயரில் வைத்தார். "இது சந்தனம் போட்ட பட்டியலு. இதை வச்சு யாரையும் அனுப்பமாட்டேன்" என்றார். பன்னிரண்டு பைகளின் எடையை எழுதிய தாளை முதலாளியிடம் நீட்டினார். அன்று மாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதில் நிரந்தரமானவர்கள் வரிசையில் முதல் பெயர் எஸ்தர். வர வேண்டாம் என்று யார் பெயரும் இல்லை.

பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்தபோது கம்பெனி எஞ்சினியர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க மில்லு டேட்டா பாத்தேன். ஏழாம் நம்பர் சென்சார் கெட்டுப்போச்சு போல. எல்லாம் அறும்போது அது மட்டும் பச்சையா காட்டுது. கழட்டிட்டுப் புதுசு போடட்டுமா?"

பக்கத்தில் நின்ற எஸ்தர் காதில் அது விழுந்துவிட்டது. "வரச் சொல்லுங்க அண்ணாச்சி. வரும்போது ஏழாம் நம்பர்ல ஒரு ஷிஃப்டு நின்னுட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

அந்த வாரமே என் சைக்கிள் திருடு போனது. சந்தனத்தை எடுத்த தோஷம் என்றார்கள். அதற்கு முந்திய வருடமும் ஒரு சைக்கிள் திருடு போயிருந்தது. அப்போது நான் எதையும் எடுக்கவில்லை.

இப்போது எஸ்தர் அந்த ஹாலுக்கு மேஸ்திரி. இருபத்து மூன்றாவது வரியை எழுதச் சொன்னது அவள்தான். பூஜைக்கு மறுநாள் காலை அவளே டார்ச்சுடன் வருவாள். ஒவ்வொரு கண்ணையும் குனிந்து பார்ப்பாள். சந்தனம் இருந்தால் கை வைக்கமாட்டாள், என் இடத்துக்கு வந்திருக்கிற உன்னைத்தான் கூப்பிடுவாள். ஈரத் துணியோடு தயாராக இரு.